“தேயிலை வயல்” என்று எழுதியவர் யார்?

(பன்விலவில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள், இளைஞர்களுக்காக நடத்தப்பட்ட ஞாயிறு வகுப்பில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி, சேமலாப நிதியைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள். எனக்குத் தந்த தலைப்பு பத்திரிகை. “அது நமக்கு எதற்கு, பத்திரிகை வருகிறதே பகல் பன்னிரண்டு மணிக்கு” என்று பின்னால் ஒரு அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. எதற்கு என்று சொல்லத்தான் வந்தேன். முதலில் என் வகுப்பறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சுருக்கம் எழுதப் பழக்கிக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தில் உள்ளதையே கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. அந்த வாரம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் தோட்டத்தைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நம் வாழ்க்கையைப் பற்றியதுதானே என்று வெட்டி, நகல் எடுத்துக் கொடுத்தேன். நாள் சம்பள முறை பழையது, தொழிலாளியைச் சோம்பேறியாக்குகிறது, மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து எடுத்த கொழுந்துக்கு ஏற்ற வருமானம் கொடுத்தால் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு முதலாளி ஆகலாம் என்று அதில் எழுதியிருந்தது. நாளைக்கு முப்பது கிலோ, மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அடியில் ஒரு பெயர், பெயருக்குக் கீழே “சமூக ஆய்வாளர்” என்று இருந்தது.

பிள்ளைகள் வாசித்தார்கள். ஒரு பெண்பிள்ளை கை தூக்கினாள். “டீச்சர், எங்கம்மாவுக்கு போன மாசம் பதிமூணு பேர்தான். இவங்க எந்தத் தோட்டத்து அம்மாவுக்கு இருபத்தஞ்சு நாள்னு எழுதியிருக்காங்க?” என்றாள். அது மாசி மாதம். மாசி, பங்குனி வெயிலில் நம் மலையில் கொழுந்து எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளே கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்டாள். கட்டுரைக்காரர் கணக்கு முப்பது தரம் இருபத்தைந்து, 750 கிலோ. அவள் அம்மாவின் கணக்கு பதினாறு தரம் பதின்மூன்று, 208 கிலோ. “மீதி 542 கிலோவ யாரு டீச்சர் எடுத்தது?” என்று பின்வரிசைப் பையன் கேட்க, வகுப்பே சிரித்தது.

அதற்குள் இன்னொரு பிள்ளை வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டான். கட்டுரையில் நான்கு இடத்தில் “தேயிலை வயல்” என்று இருந்தது. “தேயிலை வயலில் பணியாற்றும் பெண்கள் இலைகளை அறுவடை செய்கையில்” என்று ஒரு வசனம். வயலில் நெல் இருக்கும். நாம் மலைக்குப் போகிறோம், கொழுந்து எடுக்கிறோம். பெரட்டுக்குப் போகிறோம், கங்காணி மலை பிரித்துக் கொடுக்கிறார். தோட்டத்தில் ஒரு நாள் நின்றவர்கூட “தேயிலை வயலில் அறுவடை” என்று எழுத மாட்டார். இங்கிலீசில் எழுதியதை, தோட்டத்தைப் பார்க்காத ஒருவர் தமிழாக்கியிருக்கிறார். தமிழ் ஆசிரியை எனக்கு அது தோன்றவில்லை, பதினைந்து வயதுப் பையனுக்குத் தோன்றியது. இன்றும் அதை நினைத்தால் வெட்கம்தான்.

மூன்று கிழமை கழித்து வேறொரு பத்திரிகையில், வேறொருவர் பெயரில், அதே “தேயிலை வயல்” வந்தது. இரண்டு பத்தி எழுத்துக்கு எழுத்து ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே வீட்டில் சமைத்து இரண்டு வீட்டுக்குப் பகிர்ந்த சோறு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு, சில மாதம் கழித்து, எனக்கே தொலைபேசி வந்தது.

பேசியவர் மரியாதையான பிள்ளை. “மிஸ், நீங்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர், தோட்டத்தில் பிறந்து ஆசிரியை ஆனவர், உங்கள் பெயரில் ஒரு கட்டுரை வந்தால் நல்லது” என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். “அது எழுதி ரெடியாக இருக்கிறது மிஸ். வாசித்துப் பார்த்துச் சரி என்றால் பெயரும் போட்டோவும் மட்டும் தந்தால் போதும். பத்திரிகையில் போடுவதையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.” ஒரு சன்மானமும் உண்டு என்றார். தொகை பதினையாயிரம்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். உடனே “வேண்டாம்” என்று நான் சொல்லவில்லை. அந்த மாதம் அப்பாவை மூன்று தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்திருந்தேன், வான் கூலியே கடனில் நின்றது. “அனுப்புங்கள், பார்க்கிறேன்” என்றுதான் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. திறந்தால் முதல் பத்தியிலேயே “தேயிலை வயல்”. அந்தப் பையனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. திரும்ப எடுத்து, “இது யாருக்காகத் தம்பி எழுதுகிறீர்கள்?” என்று கேட்டேன். “எங்கள் ஒரு வாடிக்கையாளருக்காக மிஸ்” என்றார். பெயரைச் சொல்லவில்லை. நானும் ஊகித்து இங்கே ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன், அது முறையில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அந்தக் கட்டுரை இன்னொருவர் பெயரில் வந்தது. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், நல்ல மனிதர். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. பென்ஷன் காசில் மருந்து வாங்குகிற மனிதருக்குப் பதினையாயிரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

இப்படித்தான் இந்தத் தொழில் நடக்கிறது. இதைச் செய்வதற்கென்றே மக்கள் தொடர்புக் கம்பனிகள் இருக்கின்றன. விளம்பரம் போட்டால் அது விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கம்பனித் தலைவர் தன் பெயரில் எழுதினால் “கம்பனி வேறு என்ன சொல்லும்” என்று ஜனங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அதனால் ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற அதிகாரி, ஒரு டீச்சர், முடிந்தால் ஒரு தொழிலாளி என்று வேறு வாய் தேடுகிறார்கள். எழுத்து அவர்களுடையது, பெயர் இவர்களுடையது. பெரிய பத்திரிகைகள் ஆயிரம் கேள்வி கேட்கும் என்பதால் ஊர்ப் பத்திரிகை, பிராந்தியப் பத்திரிகை, வார இதழ் என்று போகிறார்கள். அங்கே ஆள் குறைவு, பக்கம் நிரப்ப வேண்டும், பிழை திருத்திய கட்டுரை இலவசமாக வந்தால் யார் வேண்டாம் என்பார்? பிறகு அந்தக் கட்டுரையை வெட்டி, “பாருங்கள், நாங்கள் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது” என்று பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம்.

இது நம் மலையில் மட்டும் நடக்கிற கதை இல்லை. வெளியில் ஆதாரத்தோடு பிடிபட்ட கதைகள் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் கூலிக்காரர், விவசாயி வயிற்றோடு சம்பந்தப்பட்டவை.

முதலாவது இந்தியாவில். மகாராஷ்டிராவில் விதர்பா என்ற பகுதி, பருத்தி விளையும் பூமி, கடனில் விவசாயிகள் தற்கொலை செய்துகொண்ட பூமி. 2008இல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு முழுப்பக்கச் செய்தி வந்தது. யவத்மால் மாவட்டத்தில் பம்ப்ராஜா, அந்தர்காவ் என்று இரண்டு கிராமங்கள், மரபணு மாற்றிய பருத்தி விதையால் செழித்துவிட்டன, அங்கே ஒரு தற்கொலைகூட இல்லை என்று எழுதியிருந்தது. நிருபர்களின் பயணத்தை விதைக் கம்பனிதான் ஏற்பாடு செய்தது என்று அதில் ஒரு சின்ன வரி. 2011இல் அதே எழுத்து அதே பத்திரிகையில் மறுபடி வந்தது, இந்தத் தரம் விளம்பரமாக! மூன்று வருடத்துக்கு முன் செய்தி, மூன்று வருடத்துக்குப் பின் விளம்பரம், வசனம் மாறவில்லை. பி. சாய்நாத் என்ற பத்திரிகையாளர் அந்தக் கிராமத்து ஜனங்கள் சொல்வதைக் கேட்டு, 2012 மே மாதம் தி ஹிந்துவில் எழுதினார். பம்ப்ராஜாவில் மட்டும் பதினான்கு தற்கொலை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பத்திரிகை பூச்சியம் என்று எழுதிய ஊர் அது. சாய்நாத் பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஊர்க்காரர்களைக் கேட்டார், அவ்வளவுதான். என் வகுப்புப் பிள்ளை அம்மாவின் பேரை எண்ணிப் பார்த்தது போல.

இரண்டாவது அமெரிக்காவில். டக் பாண்டோ என்று ஒரு கட்டுரையாளர், பேர்பெற்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். அவருடைய பத்தியை ஒரு செய்தி நிறுவனம் வாங்கிப் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்பும். 2005 டிசம்பரில் உண்மை வெளியே வந்தது. ஜாக் அப்ரமொஃப் என்ற அரசியல் தரகரிடம் அவர் காசு வாங்கி, அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களுக்குச் சாதகமாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு கட்டுரை வரை இருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு 2000 டொலர் வரை. ஆய்வு நிறுவனத்திலிருந்து விலகினார், செய்தி நிறுவனமும் பத்தியை நிறுத்தியது. அந்தத் தரகருக்குக் காசு கொடுத்த வாடிக்கையாளர்களில் ஒன்று பசிபிக் கடலில் உள்ள வட மரியானா தீவுகள் என்ற அமெரிக்க ஆட்சிப் பிரதேசம். அங்கே கார்மென்ட் தொழிற்சாலைகள், ஆசியாவிலிருந்து கொண்டுபோன பெண்கள் தைத்தார்கள். அமெரிக்காவின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அந்தத் தீவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவரை வைத்து வாஷிங்டனில் வேலை செய்தார்கள். தங்கச்சிமார் கார்மென்டில் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. உங்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது நம் தோளில் சுமக்கிற சமாச்சாரம். மருந்து டாங்கி. ரவுண்டப் என்று நாம் சொல்கிற களைக்கொல்லி, உள்ளே இருப்பது கிளைபோசேட். 2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது என்று வகைப்படுத்தியது. அந்த நேரத்தில் ஃபோர்ப்ஸ் என்ற பெரிய வணிகப் பத்திரிகையின் இணையத்தில் ஹென்றி மில்லர் என்பவர் பெயரில் அந்த முடிவைத் தாக்கி ஒரு கட்டுரை வந்தது. அவர் ஆராய்ச்சியாளர், தனிமனிதராகத் தன் கருத்தைச் சொல்வது போலத்தான் இருந்தது. 2017இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் மொன்சான்டோ கம்பனியின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. எழுத விருப்பமா என்று கம்பனி கேட்டிருக்கிறது. நல்ல தரமான வரைவு தந்தால் எழுதுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வரைவும் போயிருக்கிறது. வெளிவந்ததும் பெரும்பாலும் அதுவே. ஆரம்ப வரைவுதான் கொடுத்தோம், அவர்தான் திருத்திப் போட்டார் என்று கம்பனி சமாதானம் சொன்னது. ஃபோர்ப்ஸ் அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்த மருந்து புற்றுநோய் தருமா தராதா என்று விஞ்ஞானிகளிடையே, அரசாங்கங்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதை நான் தீர்க்க வரவில்லை. நம் நாட்டில் 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டார்கள், 2022இல் தடையே போய்விட்டது. அந்த ஏழு வருடமும் பத்திரிகைகளில் கட்டுரை மழை. தடை செய்தால் தேயிலைத் தொழில் அழியும் என்று ஒரு பக்கம், மருந்து அடித்தால் மனிதர் அழிவார் என்று மறுபக்கம். மருந்து அடிக்கிற கையும் மூக்கும் நம் அண்ணன்மாருடையது. அவர்களைப் பற்றி வாசிக்கும்போது எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார் என்று தெரிய வேண்டாமா? விஞ்ஞானம் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். 2015இல் ஆயிரம் ரூபா கேட்டோம். 2016இல் எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 730 என்று கூட்டு ஒப்பந்தம். 2019இல் அடிப்படை 700. ஆயிரம் கைக்கு வந்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில். கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024 மே தினத்தில் கொட்டகலையில் ஜனாதிபதி 1700 என்றார், வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் மறுபடி நீதிமன்றம் போயின, ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, செப்டம்பரில் 1350 என்று முடிந்தது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் பத்திரிகைகளில் என்ன வந்தது என்று எடுத்துப் பாருங்கள். உற்பத்திச் செலவில் பெரும்பகுதி கூலிக்கே போகிறது, கென்யாவில் ஒரு ஆள் எடுக்கும் கொழுந்து கூட, சம்பளம் ஏறினால் தோட்டம் மூடும். பெரும்பாலும் துரைமார் சங்கம் தன் பெயரிலேயே சொல்லும். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. அவர்கள் வியாபாரம், அவர்கள் வாதம், அவர்கள் கையெழுத்து. நாமும் பதில் சொல்லலாம். கென்யாவில் செடிக்கு என்ன வயது, நம் மலையில் எத்தனை வருடமாக மறுநடுகை இல்லை, காடாகிப்போன மலை எத்தனை என்று கேட்கலாம். பெயர் போட்டு வந்த வாதத்தோடு மோதலாம். பெயரைக் கடன் வாங்கி வந்த வாதத்தோடு எப்படி மோதுவது? நீங்கள் மோதுவது அந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோடு. கம்பனி திரைக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்.

“நம் ஜனம் அந்தக் கட்டுரையை வாசிப்பதே இல்லையே, வந்தால் என்ன?” என்று ஒரு தலைவர் போன கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கட்டுரை நமக்காக எழுதப்படுவது இல்லை, ஐயா. 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சம்பள நிர்ணய சபையில் முதலாளி தரப்பு இருக்கிறது, தொழிலாளி தரப்பு இருக்கிறது, அரசாங்கம் நியமிக்கும் அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். முதல் இரண்டு தரப்பும் என்ன சொல்லும் என்று கூட்டத்துக்கு முதல் நாளே தெரியும். நடுவில் இருக்கிறவர்கள்தான் கை தூக்க வேண்டும். அவர்கள் மலைக்கு ஏறியதில்லை, பெரட்டுக் களத்தில் நின்றதில்லை. காலையில் பத்திரிகை வாசிப்பவர்கள். அமைச்சின் செயலாளர், பாராளுமன்ற உறுப்பினர், நகரத்தில் தேத்தண்ணி குடிக்கிற பொதுசனம், எல்லோரும் அப்படித்தான். “தொழிலாளர்களே புதிய முறையை விரும்புகிறார்கள், ஒரு தோட்டத்து டீச்சரே எழுதியிருக்கிறார்” என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழ வேண்டும். என் பெயருக்குப் பதினையாயிரம் விலை வந்தது அதனால்தான். என் தமிழுக்கு இல்லை.

பத்திரிகையின் பலம் அந்தக் காலத்திலேயே தோட்டக்காரருக்குத் தெரியும். துரைமார் சங்கம் 1854இல் பிறந்தது வேறெங்கும் இல்லை, நம் கண்டியில். அவர்களுக்கு இங்கிலீசுப் பத்திரிகைகள் இருந்தன. நமக்கு ஒருவர் இருந்தார், கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி போல லயத்துக்குள் போய் ஜனங்களின் நிலையைப் பார்த்தார். தேசநேசன், தேசபக்தன் என்று பத்திரிகை நடத்தினார், பார்த்ததை எழுதினார், கீழே தன் பெயரைப் போட்டார். 1936இல் ஹட்டனிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். நம் மடுல்கலைக்கே ஒரு கதை உண்டு. ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த வெள்ளைக்காரப் பையன் பிரேஸ்கேர்டல், தொழிலாளிகள் பக்கம் நின்றதால் வேலை போயிற்று. 1937இல் நாவலப்பிட்டிக் கூட்ட மேடையில் ஏறித் துரைமாரைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். நாடுகடத்த ஆளுநர் உத்தரவே போட்டார், கடைசியில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அந்தப் பையன் முகத்தை மறைத்துப் பேசியிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. அது வேறு கதை, நேரம் இருந்தால் பிறகு சொல்கிறேன், பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை.

கம்பனியை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கினால் அது நேர்மை இல்லை. நம் பக்கமும் அழுக்கு இருக்கிறது. தலைவர்கள் பெயரில் வருகிற அறிக்கைகளை அந்தத் தலைவர்கள் வாசித்தாவது பார்க்கிறார்களா என்று சில நேரம் எனக்குச் சந்தேகம் வரும். நானும் ஒன்று செய்திருக்கிறேன். சங்கத்தில் சேர்ந்த புதிதில், ஒரு அக்காவின் கதையைப் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோ வெட்டுகிறார்கள் என்ற முறைப்பாடு. அக்காவிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் இரவிரவாக எழுதினேன். “எமது இரத்தத்தை உறிஞ்சும் தராசு” என்றெல்லாம் எழுதி, கீழே அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினேன். வந்தது. பெருமையோடு கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “டீச்சரம்மா, நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இரத்தம்னு சொல்லலையே. மழை நாள்ல ரெண்டு கிலோ தண்ணிக்குனு கழிக்கிறாங்க, சரி, நியாயம். வெயில் நாள்லயும் அதே ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, வெயில்ல எங்கருந்து தண்ணி வந்துச்சுனுதானே கேட்டேன்” என்றார்.

நான் எழுதிய நாற்பது வரியும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது. நிர்வாகத்துக்கும் என் கட்டுரைக்குப் பதில் சொல்வது சுலபமாக இருந்தது, “சங்கத்துக்காரர் எழுதிக்கொடுத்தது” என்றார்கள். உண்மையும் அதுதானே. அக்காவின் கேள்வியையே போட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? பெயரைக் கடன் வாங்குகிற வேலையை நல்ல காரணத்துக்காகச் செய்தாலும் கடைசியில் நஷ்டம் அந்தப் பெயருக்கு உரியவருக்குத்தான். அன்றைக்குப் பிறகு நான் அப்படி எழுதுவதில்லை.

சரி, என்ன செய்யலாம். தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் வெட்டி, பத்திரிகைப் பெயரும் திகதியும் எழுதி ஒரு கொப்பியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு இளைஞர் போதும். கீழே உள்ள பெயருக்கு உரியவர் எங்கே வேலை செய்கிறார், எந்தத் தோட்டத்தைப் பார்த்து எழுதினார் என்று பாருங்கள். ஊர் பெயரே இல்லாமல் “ஒரு தோட்டத்தில் ஒரு பெண்” என்று இருந்தால் கோடு போடுங்கள். அதே வசனம் வேறெங்காவது வந்ததா என்று போனில் தேடலாம், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது இரண்டு நிமிட வேலை. அதற்காக நமக்குப் பிடிக்காத கருத்தை எல்லாம் “காசு வாங்கி எழுதியது” என்று சொல்லித் திரியாதீர்கள். வருமானப் பங்கு முறை நல்லது என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கலாம், அப்படி ஒரு தம்பி இந்த வகுப்பிலேயே இருக்கிறார், எனக்குத் தெரியும். ஆதாரம் இல்லாமல் ஒருவர் பெயரைக் கெடுத்தால் நமக்கும் அந்தத் தொலைபேசித் தம்பிக்கும் என்ன வித்தியாசம்?

பிழையான தகவல் என்று கண்டால் ஆசிரியருக்குப் பதில் எழுதுங்கள். நம் தமிழ்ப் பத்திரிகைகள் வாசகர் கடிதம் போடுகின்றன, கட்டுரைக்குப் பதில் போடுவது பத்திரிகை ஒழுக்கக் கோவையில் உள்ள விடயம். போடாவிட்டால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு கொழும்பில் இருக்கிறது, அங்கே முறையிடலாம். நம் பக்கத்தில் ஜனவசம போல அரச நிர்வாகத்தில் உள்ள தோட்டங்களும் உண்டு. அவை விளம்பரத்துக்கும் பிரசாரத்துக்கும் யாருக்கு எவ்வளவு கொடுத்தன என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம். பதினான்கு வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பம் தமிழிலேயே எழுதலாம், நான் உதவி செய்கிறேன். சேமலாப நிதியைக் கட்டக் காசில்லை என்று சொல்கிற இடத்தில் கட்டுரைக்குக் காசு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

யாருக்காவது எனக்கு வந்தது போலத் தொலைபேசி வந்தால், திட்ட வேண்டாம். பேசுகிற பிள்ளையும் ஒரு சம்பளக்காரன்தான். யாருக்காக என்று கேளுங்கள், அந்தப் பெயரும் கட்டுரைக்குக் கீழே வருமா என்று கேளுங்கள், வந்த செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். காசு தேவை என்று மனம் ஆடினால் ஒளிக்காமல் கமிட்டியில் வந்து சொல்லுங்கள். என் மனமும் ஆடியது. இரண்டு நாள் ஆடியது.

அந்தப் பெண்பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள், கலைப் பிரிவு. கட்டுரைகளை ஒட்டும் கொப்பியை அவள்தான் வைத்திருக்கிறாள். “தேயிலை வயல்” இதுவரை ஆறு இடத்தில் அகப்பட்டிருக்கிறது. வேண்டியவர்கள் இடைவேளையில் பார்க்கலாம், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

தேத்தண்ணிக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொழுந்து நிறுவை பற்றி இந்த மாதம் நம் இதழுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். தராசுக்காரரிடம் வெயிலில் தண்ணி எங்கிருந்து வந்தது என்று கேட்ட அக்கா முன்வரிசையில்தான் இருக்கிறார். அக்கா, இப்படி வந்து உட்காருங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். எழுதி முடிச்சு வாசிச்சுக் காட்டுறேன், சரின்னா மட்டும் கையெழுத்துப் போடுங்க.